அரை மீட்டர் பைப்பும் அறுபது கிலோ உடம்பும்

இன்னிக்கு எபிசோட் ஒரு நட்டுல இருந்து ஆரம்பிக்குது.

பழைய வோக்ஸ்வேகன் பீட்டில் காருக்கு இன்ஜின் பின்னாடி இருக்கும். அந்த இன்ஜின்ல ஃபிளைவீலை கிராங்க் ஷாஃப்ட்டோட சேர்த்துப் பிடிக்கிறது ஒரே ஒரு நட்டு. 36 மில்லிமீட்டர் சைஸ். அதை 30 கிலோகிராம்-மீட்டர் அளவுக்கு முறுக்கணும்னு கணக்கு இருக்கு. குறைவா முறுக்கினா ஓட ஓட ஃபிளைவீல் லூஸாகி, கிராங்க் ஷாஃப்ட்டையே காலி பண்ணிடும். முறுக்கை அளக்க டார்க் ரென்ச்னு ஒரு கருவி உண்டு. ஆனா இவ்வளவு பெரிய முறுக்குக்கான ரென்ச் ஒர்க்‌ஷாப்ல இருக்குமே தவிர, வீட்ல எத்தனை பேர்கிட்ட இருக்கும்?

வீட்டு மெக்கானிக்குகள் கண்டுபிடிச்ச வழி எட்டாம் வகுப்பு அறிவியல்தான். முறுக்குவிசைன்னா எடை பெருக்கல் தூரம். உங்க எடை 60 கிலோன்னு வைங்க. ஸ்பேனர் கைப்பிடியில ஒரு நீளமான இரும்பு பைப்பைச் சொருகி, நட்டோட நடுவுல இருந்து சரியா அரை மீட்டர்ல சாக்பீஸ்ல ஒரு கோடு போடுங்க. பைப் தரைக்கு இணையா இருக்கும்போது அந்தக் கோட்டு மேல மொத்த எடையையும் நிதானமா இறக்கினா, 60 பெருக்கல் 0.5. முப்பது! குதிக்கக் கூடாது, குதிச்சா கணக்கு போச்சு.

ஃபிளைவீல் கூடவே சுத்தாம இருக்கணுமே? ஒரு துண்டு எல்-ஆங்கிள் இரும்புல ரெண்டு ஓட்டை போட்டு, கிளட்ச் போல்ட் மாட்டுற இடத்துல முடுக்கி, இன்னொரு முனையைத் தரையில முட்டுக் கொடுத்துடுவாங்க. பழைய இரும்புக் கடையில கிடைக்கிற சமாச்சாரம்.

நம்ம ஊர் லாரி பட்டறையிலயும் வீல் நட்டு கழட்ட பைப் போட்டு ஏறி மிதிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. ஆனா அங்க தேவை பலம் மட்டும்தான். இங்க பைப்பே அளவுகோலா மாறிடுது. இந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்கோங்க.

சரி, இந்த மாதிரி ரிப்பேரை சாதாரண ஜனங்க கையில கொண்டு போய்ச் சேர்த்தது யாரு? இதுக்கு முன்னாடியே ஃபோர்டு மாடல் டி இருந்துச்சு. 1908-ல இருந்து 1927 வரைக்கும் ஒன்றரைக் கோடி வண்டி. அமெரிக்க விவசாயிங்க அதோட பின் சக்கரத்தைத் தூக்கி வச்சு, பெல்ட் மாட்டி மரம் அறுத்தாங்க, தண்ணி இறைச்சாங்க. அதுக்கப்புறம் அந்த இடத்துக்கு வந்தது பீட்டில். 1968-ல மட்டும் அமெரிக்காவுல 4 லட்சத்துக்கு மேல வித்துச்சு. ரேடியேட்டர் கிடையாது, காத்துலயே குளிரும். நாலு போல்ட்டைக் கழட்டினா இன்ஜின் கீழ இறங்கிடும்.

1969-ல ஜான் முயர்னு ஒருத்தர் ஒரு புத்தகம் போட்டாரு. 'ஹவ் டு கீப் யுவர் வோக்ஸ்வேகன் அலைவ்'. விமானம், விண்வெளித் துறையில ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரா இருந்துட்டு, எல்லாத்தையும் விட்டுட்டு நியூ மெக்சிகோ பக்கம் போய் கார் ரிப்பேர் பண்ணவர். புத்தகம் ஒண்ணுமே தெரியாதவங்களுக்குன்னு துணைத்தலைப்புலயே சொல்லிடும். ஸ்பைரல் பைண்டிங், அதனால வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டே தரையில விரிச்சு வச்சுப் படிக்கலாம். படங்கள் பீட்டர் ஆஷ்வாண்டன் வரைஞ்சது. 20 லட்சம் பிரதிக்கு மேல வித்திருக்கு. நானும் டாக்குமென்டேஷன் எழுதுற வேலைதான் பார்க்கிறேன். படிக்கிறவன் கையில கிரீஸ் இருக்கும்னு யோசிச்சு அட்டை போட்ட ஆளை நினைச்சா பொறாமையா இருக்கு.

அந்தக் காலத்து வீட்டு ரிப்பேர்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது இக்னிஷன் டைமிங். பெட்ரோலும் காத்தும் கலந்த கலவைக்கு எந்த நொடியில தீப்பொறி வைக்கணும்ங்கிறதுதான் டைமிங். ஒர்க்‌ஷாப்ல இதுக்குன்னு தனியா மின்னி மின்னி எரியிற டைமிங் லைட் வச்சிருப்பாங்க. வீட்ல? ஒரு 12 வோல்ட் குட்டி பல்பு, ரெண்டு ஒயர், ரெண்டு கிளிப். ஒரு ஒயரை காயில்ல இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற முனையில, இன்னொண்ணை பாடியில மாட்டணும். சாவியை ஆன் பண்ணி, இன்ஜினைக் கையால சுத்தி, புல்லியில இருக்கிற குறியை இன்ஜின் நடுக்கோட்டுக்கு நேரா நிறுத்தணும். அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பணும். காண்டாக்ட் பாயின்ட் சேர்ந்திருக்கும்போது பல்பு எரியாது, பிரியிற அதே கணத்துல எரியும். தீப்பொறி வர்றதும் அந்தக் கணத்துலதான். பல்பு பத்தின இடத்துல நிறுத்தி முடுக்கினா வேலை முடிஞ்சது.

பாயின்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டர். ரோட்ல நின்னுட்டா தீப்பெட்டி அட்டையைச் சொருகிப் பார்த்து ஓட்டிட்டு வந்துடுவாங்க. ஆனா வால்வு இடைவெளி, அதாவது நம்ம மெக்கானிக் அண்ணன்கள் சொல்ற 'டேப்பட் செட்டிங்', 0.15 மில்லிமீட்டர். அதுக்கு அட்டை ஆகாது, ஃபீலர் கேஜ் வாங்கியே ஆகணும். இடைவெளி இல்லாம போனா வால்வு முழுசா மூடாது, சூடேறிக் கருகிடும். அதே மாதிரி செங்கல் அடுக்கி அதுக்கு மேல காரைத் தூக்கி நிறுத்துறதும் ஆகவே ஆகாது. செங்கல் நொறுங்கினா அடியில இருக்கிறது நீங்க. மலிவு கருவின்னா விலையைக் குறைக்கலாம், அளவையும் உயிரையும் குறைக்கக் கூடாது. நல்ல வீட்டு மெக்கானிக்குக்கு இந்தக் கோடு தெரியும்.

இப்போ காருக்குள்ள கம்ப்யூட்டர் வந்தாச்சு. பாயின்ட் இல்ல, டிஸ்ட்ரிபியூட்டரும் இல்ல. அதனால இந்தக் கலை செத்துப் போச்சான்னு கேட்டா, நான் இல்லைன்னுதான் சொல்லுவேன். 1996-ல இருந்து அமெரிக்காவுல விக்கிற எல்லா கார்லயும் ஓபிடி-2ங்கிற பொதுவான சாக்கெட் இருக்கணும்னு விதி வந்துச்சு. சில நூறு ரூபாய் அடாப்டரைச் சொருகினா போன்லயே 'பி0301'னு காட்டும். முதல் சிலிண்டர்ல மிஸ்ஃபயர்னு அர்த்தம். அந்த 12 வோல்ட் பல்போட பேரன்தான் இது.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. பல்புக்கு யார் அனுமதியும் தேவைப்படல. சாக்கெட் திறந்திருக்கிறது சட்டத்தால. 2012-ல மாசசூசெட்ஸ் மக்கள் ஓட்டுப் போட்டு, ரிப்பேர் தகவலை வெளிக் கடைகளுக்கும் கொடுக்கணும்னு கொண்டு வந்தாங்க. 2020-ல அதை வயர்லெஸ்ல போற டேட்டாவுக்கும் நீட்டினப்போ, கார் கம்பெனிகள் தரப்பு கோர்ட்டுக்குப் போச்சு. பைப்பை வச்சு நட்டை அளந்துடலாம். பூட்டி வச்ச சாஃப்ட்வேரை எந்த பைப் வச்சு அளக்கிறது?

அந்தப் பூட்டைப் போடுற கோடை எழுதுறவங்க நம்மள மாதிரி ஆட்கள்தான். அடுத்த தடவை உங்க டீம்ல அப்படி ஒரு டிக்கெட் வந்தா, வண்டிக்கு அடியில படுத்திருக்கிறவரையும் ஒரு யூசரா நினைச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.