சிம்மும் டேட்டாவும் இல்லாமல் கைபேசியில் தொலைக்காட்சி: ரியூனர் வாங்குமுன் அறியவேண்டியவை

பெருவிரல் அளவுள்ள ஒரு சிறிய கருவி. ஒரு முனையைக் கைபேசியின் சார்ஜர் துளைக்குள் செருக வேண்டும். மறுமுனையில் இழுத்து நீட்டக்கூடிய சின்ன அன்ரனா இருக்கும். உரிய செயலியைத் திறந்தால் வானலையில் வரும் டிஜிட்டல் தொலைக்காட்சி கைபேசித் திரையில் ஓடும். சிம் தேவையில்லை, டேட்டா செலவாகாது. யார் எதைப் பார்க்கிறார்கள் என்ற தகவலும் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் போகாது.

இந்தக் கருவியை ரியூனர் என்றும் டொங்கிள் என்றும் அழைக்கிறார்கள். லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் உறவினரிடம் "வரும்போது ஒன்று வாங்கி வாருங்கள்" என்று சொல்வதற்கு முன் சில விடயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

யூரியூப்பில் ஒரு செய்தியை ஆயிரம் பேர் பார்த்தால் வலையமைப்பு அதனை ஆயிரம் தடவை அனுப்ப வேண்டும். ஒளிபரப்புக் கோபுரம் ஒரே தடவைதான் அனுப்புகிறது. அதன் எல்லைக்குள் பத்துப் பேர் பார்த்தாலும் பத்து இலட்சம் பேர் பார்த்தாலும் கோபுரத்துக்குச் சுமை ஒன்றுதான். சாதாரண நாட்களில் இந்த வித்தியாசம் எவருக்கும் தெரியாது. அனர்த்தம் நேரும் நாளில்தான் தெரியவரும்.

2011 மார்ச் 11 இல் ஜப்பானில் நடந்தது அதுதான். நிலநடுக்கத்துக்குப் பின் எல்லோரும் ஒரே நேரத்தில் அழைப்பெடுக்க முயன்றதால், அங்குள்ள பெரிய கைபேசி நிறுவனங்கள் வெளிச்செல்லும் குரல் அழைப்புகளை உச்ச நேரத்தில் 70 முதல் 95 சதவீதம் வரை மட்டுப்படுத்தின. ஆனால் அந்நாட்டுக் கைபேசிகள் பலவற்றில் ‘வன்செக்’ எனப்படும் தொலைக்காட்சி ரியூனர் உள்ளேயே பொருத்தப்பட்டிருந்தது. அழைப்பெடுக்க முடியாதவர்களாலும் சுனாமி எச்சரிக்கையைத் திரையில் பார்க்க முடிந்தது.

வன்செக் சேவை 2006 ஏப்ரல் 1 இல் தொடங்கியது. ஜப்பானின் ஐ.எஸ்.டி.பி.-ரி முறையில் ஒரு தொலைக்காட்சி அலைவரிசை 13 கூறுகளாகப் பிரிக்கப்படுகிறது. 12 கூறுகள் வீட்டுத் தொலைக்காட்சிக்கு, மிஞ்சிய ஒன்று கைபேசிக்கு. பெயரும் அதிலிருந்தே வந்தது. அந்த ஒற்றைக் கூறில் வரும் படம் சிறியது, தெளிவும் குறைவு. ஆனால் ஓடும் பேருந்திலும் பலவீனமான சமிக்ஞையிலும் தாக்குப்பிடிக்கும். ஐபோனில் இந்த வசதி இருக்கவில்லை. அதனால் 2008 இறுதியில், ஒளிபரப்பை வாங்கி வைஃபை ஊடாக ஐபோனுக்கு அனுப்பும் தனிக்கருவி ஒன்று அங்கே விற்பனைக்கு வந்தது. இன்றைய வைஃபை ரியூனர்கள் செய்வதும் இதையேதான்.

வன்செக் கைபேசி வைத்திருந்தாலே பொது ஒளிபரப்பாளரான என்.எச்.கே.க்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று ஜப்பானிய உச்ச நீதிமன்றம் 2019 இல் முடிவு செய்ததையும் சொல்லியாக வேண்டும். இலவசம் என்பது எல்லா இடத்திலும் முழு இலவசம் அல்ல.

இதையெல்லாம் நாம் ஏன் அறிய வேண்டும்? 2014 இல் இலங்கையும் இதே ஜப்பானிய முறையைத்தான் தெரிவு செய்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் இதற்கென ஏறத்தாழ 13.7 பில்லியன் யென் கடன் ஒப்பந்தமும் செய்யப்பட்டது. பின்னர் திட்டம் இழுபட்டது. 2022 இல் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியதும் ஜப்பானியக் கடன் திட்டங்களும் நின்றன. 2024 ஜூலையில்தான் ஜப்பான் கடன் விடுவிப்பை மீளத் தொடங்கியது. பத்து வருடங்களுக்கு மேலாகியும் எமது வீட்டுக் கூரை அன்ரனாக்களுக்கு வருவது அனலொக் ஒளிபரப்பே. எனவே இங்கு டிஜிட்டல் ரியூனருக்கு இன்றைக்கு வேலை இல்லை. விற்பவர் எதைச் சொன்னாலும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாளைக்காக இப்போதே வாங்கி வைப்பதும் உசிதமல்ல. நாட்டுக்கு நாடு முறை வேறு. கனடாவிலும் அமெரிக்காவிலும் ஏ.ரி.எஸ்.சி., பிரித்தானியா, பிரான்ஸ், அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் டி.வி.பி.-ரி குடும்பம். தூர்தர்ஷன் 2016 பெப்ரவரியில் சென்னை உட்பட 16 நகரங்களில் தொடங்கிய கைபேசித் தொலைக்காட்சிக்குரிய டொங்கிள்கள் டி.வி.பி.-ரி2 வகை. இவை எதுவும் ஜப்பானிய முறையை வாசிக்காது. ஜப்பானிலிருந்தே வாங்கி வந்தாலும் பிரச்சினை இருக்கிறது. அங்கும் பிலிப்பைன்ஸிலும் ஓர் அலைவரிசையின் அகலம் 6 மெகாஹேர்ட்ஸ். இலங்கையின் யூ.எச்.எஃப். அலைவரிசைகள் 8 மெகாஹேர்ட்ஸ் அகலத்தில் வகுக்கப்பட்டவை. இரண்டையும் ஏற்கும் கருவியாக இல்லாவிட்டால் அது பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

புலம்பெயர் நாட்டிலேயே பாவிக்க வாங்குபவர்களுக்கும் ஒரு சொல். ஜேர்மனி 2017 மார்ச்சில் டி.வி.பி.-ரி2 முறைக்கு மாறத் தொடங்கியபோது, பழைய டி.வி.பி.-ரி ரியூனர்கள் அங்கு படிப்படியாகப் பயனற்றுப் போயின. சுவிற்சர்லாந்தின் பொது ஒளிபரப்பாளர் 2019 ஜூனில் தரைவழி ஒளிபரப்பையே நிறுத்திவிட்டார். செயலி இன்னொரு பொறி. கருவி நன்றாக இருக்கும், அதன் செயலியை நிறுவனம் புதுப்பிக்காமல் விட்டிருக்கும். வாங்கும் முன் செயலி கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பாருங்கள். அன்ட்ரொயிட் என்றால் உங்கள் கைபேசி ஓ.ரி.ஜி. வசதி கொண்டதா என்பதையும் பாருங்கள். பற்றரி வேகமாக இறங்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

கோபுரம் யார் கையில்?

பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு, செய்தி வரும் வழி எப்படி அடைபடும் என்று எவரும் விளக்கத் தேவையில்லை. கொக்காவிலில் இருந்த ஒளிபரப்புக் கோபுரம் 1990 இல் போரில் அழிந்தது. அதே இடத்தில் 174 மீற்றர் உயரமான புதிய கோபுரம் திறக்கப்பட்டது 2011 ஜூனில். பின்னர் 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் அரசு சமூக ஊடகங்களை முடக்கியதையும் கண்டோம்.

இணையத்தை முடக்கினாலும் ரியூனர் இயங்கும் என்பது உண்மை. ஆனால் ஒளிபரப்பும் அரசின் அனுமதியில்தான் நடக்கிறது. பிலிப்பைன்ஸில் ஏ.பி.எஸ்.-சி.பி.என். நிறுவனம் 2019 இல் அன்ட்ரொயிட் கைபேசிகளுக்கான டொங்கிள் ஒன்றை விற்கத் தொடங்கியது. மறு வருடம் மே மாதத்தில் அதன் உரிமக் காலம் முடிந்ததும் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. ஜூன் 30 இல் டிஜிட்டல் அலைவரிசையும் நின்றது. டொங்கிளை வாங்கியவர்களின் கையில் கருவி இருந்தது, அந்த நிறுவனத்தின் நிகழ்ச்சிகள் வானலையில் வரவில்லை.

ஆகவே எமக்குக் கருவியை விடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. ஜப்பானிய முறையுடன் அவசர எச்சரிக்கை ஒளிபரப்பு வசதியும் சேர்ந்தே வருகிறது. ஜப்பானில் அதன் அனலொக் வடிவம் 1985 இலேயே தொடங்கிவிட்டது. காத்திருப்பு நிலையில் இருக்கும் தொலைக்காட்சியை அது தானாகவே இயக்கும், அதற்கான வசதி அந்தக் கருவியில் இருந்தால். எச்சரிக்கையுடன் பிரதேசக் குறியீட்டையும் அனுப்பலாம். ஆபத்து முல்லைத்தீவுக்கு என்றால் முல்லைத்தீவுக்கு மட்டும் அறிவிக்கலாம். 2004 டிசம்பர் 26 இல் நிலநடுக்கத்துக்கும் கிழக்குக் கரையைக் கடல் அடித்ததற்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் எமது கரைக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

திரையில் வரும் அந்த எச்சரிக்கை எந்த மொழியில் இருக்கும் என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை, அனுப்புபவர் தீர்மானிக்கிறார். தமிழும் அரச கரும மொழி என்று 1987 முதல் அரசியலமைப்பில் எழுதியிருக்கிறது. சிங்களத்தில் முதலில், தமிழில் அரை மணி நேரம் கழித்து என்றால் கரையோரத்தில் இருப்பவருக்கு அந்த அறிவிப்பு உதவாது. எச்சரிக்கை வாசகங்களை மும்மொழியிலும் முன்கூட்டியே தயாரித்து வைப்பது தொழில்நுட்பத்துக்குக் கடினமான வேலை இல்லை. கோபுரங்கள் எழுவதற்கு முன்பே கேட்க வேண்டிய விடயம் இது. டிஜிட்டல் திட்டம் பற்றிப் பேசும் எமது பிரதிநிதிகளிடம் வாசகர்கள் இதைக் கேட்கலாம்.

அதுவரை, கையில் இருக்கும் கைபேசியையே ஒருமுறை சோதித்துப் பாருங்கள். விலை குறைந்த அன்ட்ரொயிட் கைபேசிகள் பலவற்றில் எஃப்.எம். வானொலி உள்ளேயே இருக்கிறது. வயர் உள்ள இயர்போன்தான் அதற்கு அன்ரனா. சிம்மைக் கழற்றிவிட்டு, டேட்டாவை நிறுத்திவிட்டு, உங்கள் ஊரில் எந்தத் தமிழ் அலைவரிசை தெளிவாகக் கேட்கிறது என்று பார்த்துக் குறித்து வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கமான 117 ஐயும் அதே இடத்தில் எழுதி வையுங்கள்.