பட்டாணிச் சாமியாரும் பட்டுப்புழுச் சாமியாரும்

எஃப்-1 வெண்டை விதை வாங்கி நட்டவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். முதல் தடவை காய் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரும். அதிலேயே நாலு காயை முத்தவிட்டு, விதை எடுத்து அடுத்த பட்டத்துக்குப் போட்டால் ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை, இன்னொண்ணு காய்ப்பே சரியில்லை. மாடித்தோட்டம் போடுகிற நண்பர்கள் "மண்ணு கெட்டுப்போச்சா?" என்று கேட்கிறார்கள். மண்ணு மேல தப்பில்லைங்க. விதைக்குள்ள நடக்குற கணக்கு அது. அந்தக் கணக்கை முதலில் எழுதிவைத்தவர் ஒரு கத்தோலிக்கச் சாமியார். பாதிரியாரை எங்க ஊரில் சாமியார் என்றுதான் சொல்லுவோம்.

கிரிகோர் மெண்டல் 1822-ல், அன்றைய ஆஸ்திரியப் பேரரசில், குடியானவர் வீட்டில் பிறந்தவர். அந்த ஊர் இப்போ செக் நாட்டில் இருக்கு. அவங்கப்பா சொந்த நிலத்தில் பாடுபட்டது போக, வாரத்தில் மூணு நாள் பண்ணையார் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்கணும். பையனைப் படிக்கவைக்கக் காசில்லை. தங்கச்சி தன் கல்யாணத்துக்கு வைத்திருந்த சீதனத்தில் ஒரு பங்கைக் கொடுத்தாள். அதுவும் போதாமல் 1843-ல் புர்னோ நகரத்து அகஸ்தினார் மடத்தில் சேர்ந்தார். சூழ்நிலைதான் அந்த முடிவை எடுக்கவைத்தது என்று அவரே எழுதியிருக்கிறார். எனக்கு அந்த நேர்மை பிடிக்கும்.

1847-ல் குருப்பட்டம். ஆனால் நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது அவரால் முடியவில்லை. பார்த்துவிட்டு வந்து தானும் படுத்துவிடுவார். மடத் தலைவர் விவரமானவர். "இவனுக்கு இது ஆகாது" என்று புரிந்துகொண்டு வாத்தியார் வேலைக்கு அனுப்பிவிட்டார். ஆசிரியர் தேர்வில் மெண்டல் தேறவே இல்லை. கடைசிவரை தற்காலிக வாத்தியார்தான்.

1856-லிருந்து எட்டு வருஷம் மடத்துத் தோட்டத்தில் பட்டாணி. மொட்டு விரியும் முன்பே பிரித்து, மகரந்தப் பையைக் கிள்ளி எடுத்து, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவி, பை கட்டி மூடணும். சேலம், தருமபுரிப் பக்கம் விதைப் பருத்திக் காட்டில் பொம்பளையாட்கள் செய்கிற கிராசிங் வேலை இதேதான். முதுகு ஒடியும். அவர் அதைச் சுமார் 28,000 செடிகள் வரை கொண்டுபோனார். உருண்டை விதையையும் சுருங்கின விதையையும் கலந்தால் முதல் தலைமுறை முழுக்க உருண்டை. அதைத் தன்போக்கில் காய்க்கவிட்டால் அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கல். கிட்டத்தட்ட மூணுக்கு ஒண்ணு. சுருங்கின குணம் அழிந்துபோகவில்லை, ஒளிஞ்சிருந்து பேரப்பிள்ளையில் வருது. உங்க வெண்டைக்கும் இதுதான் கதி. வருஷா வருஷம் பாக்கெட் வாங்கச் சொல்லி கம்பெனி நிற்பதும் இந்தக் கணக்கு மேலதான்.

1865-ல் உள்ளூர் இயற்கை அறிவியல் சங்கத்தில் வாசித்தார், அடுத்த வருஷம் அச்சானது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1868-ல் மடத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அத்தோடு தோட்டம் போச்சு. நிலம், கணக்கு, கமிட்டி, அடமான வங்கி ஒன்றின் தலைவர் பதவி வரைக்கும் வந்து சேர்ந்தது. 1874-ல் மடங்களுக்குப் புது வரி போட்டார்கள். மற்ற மடங்கள் முணுமுணுத்துக்கொண்டே கட்டின. இவர் மட்டும் "சட்டப்படி செல்லாது" என்று நின்றார். மடத்து வருமானத்தை அரசாங்கம் பிடித்துவைத்தபோதும் அசையவில்லை. தேனீ வளர்ப்பும் மழைக்கணக்கும் மட்டும் விடாமல் வைத்திருந்தார். 1884-ல் இறந்தபோது ஊர் அழுதது மடத் தலைவருக்காக. பட்டாணி 1900-ல்தான் உலகத்துக்கு ஞாபகம் வந்தது. அதற்குள் அவருடைய காகிதங்களில் பெரும்பகுதியை எரித்துவிட்டார்கள்.

மெண்டலுக்காவது தோட்டம் போனதோடு நின்றது. அவருக்கு எழுபது வருஷம் முன்னாடி, மெக்சிகோவில் இன்னொரு சாமியாருக்கு உயிரே போனது.

மிகுவேல் இடால்கோ பண்ணைக் காரியஸ்தர் மகன். கல்லூரி முதல்வராக இருந்து அந்தப் பதவி போய், 1803-ல் டோலோரெஸ் என்கிற சின்ன ஊருக்குப் பங்குச்சாமியாராக வந்தார். பூசையைவிடத் தொழிலில்தான் அவருக்கு நாட்டம். முசுக்கொட்டை நட்டுப் பட்டுப்புழு வளர்த்தார். தேனீ, மண்பாண்டம், தோல் பதனிடுதல், திராட்சை என்று ஊர் ஏழைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. ஸ்பெயினிலிருந்து வருகிற ஒயினும் ஆலிவ் எண்ணெயும் விலைபோகணும் என்று அந்தக் குடியேற்ற நாட்டில் திராட்சைக்கும் ஆலிவுக்கும் அரசு கட்டுப்பாடு வைத்திருந்தது. தன் காட்டில் எதை நடணும் என்று கடல் தாண்டி இருக்கிறவன் சொல்லுவான்.

1810 செப்டம்பர் 16 விடியலில் கோயில் மணியை அடித்து ஊரைக் கூட்டினார். குவாதலூப்பே மாதா படத்தைக் கொடியாகப் பிடித்துக்கொண்டு, அரிவாளும் கழியுமாகக் கூட்டம் கிளம்பியது. பன்னிரண்டு நாளில் குவானாஹுவாட்டோ ஊரின் பெரிய தானியக் கிடங்கை முற்றுகையிட்டார்கள். உள்ளே ஒளிந்திருந்த ஸ்பானியர்களைக் கூட்டம் வெட்டிச் சாய்த்தது. சாமியாரால் தடுக்க முடியவில்லை. அவர் அடிமை முறையை ஒழித்து ஆணை போட்டார், பழங்குடிகள் மேல் இருந்த தலைவரியை எடுத்தார். அதைச் சொல்லும்போது இந்தக் கிடங்கையும் சொல்லித்தான் ஆகணும்.

மறு வருஷம் பிடிபட்டார். குருப்பட்டத்தைப் பறித்துவிட்டு, 1811 ஜூலை 30-ல் சுட்டுக் கொன்றார்கள். தலையைக் கூண்டில் வைத்து அதே தானியக் கிடங்கின் மூலையில் தொங்கவிட்டார்கள். பத்து வருஷம், நாடு விடுதலை ஆகும்வரை, அங்கேயே தொங்கியது. டோலோரெஸ் மணியை 1896-ல் தலைநகரத்துக்குக் கொண்டுபோய் அரண்மனை மாடத்துக்கு மேலே மாட்டினார்கள். வருஷா வருஷம் செப்டம்பர் 15 ராத்திரி நாட்டின் அதிபர் வந்து அதை அடிக்கிறார்.