தோலின் தடையும் தசையின் மின்சாரமும்

தசை சுருங்கும்போது எழும் நுண்ணிய மின்னழுத்தத்தைத் தோலின் மேலிருந்தே, மின்வாய் எனப்படும் கடத்தியின் வழியே அறியலாம் என்பதை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பெர்லினில் எமில் டு புவா-ரெமோன் காட்டினார். விரல்களை உப்புநீர்க் கலங்களில் அமிழ்த்தி ஒரு கையை இறுக்கியபோது மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனோமீட்டரின் முள் சற்றே அசைந்தது. தோலின் மேலடுக்கே மின்னோட்டத்தைத் தடுக்கிறது என்று உணர்ந்த அவர், கொப்புளம் எழுப்பி அத்தோலை நீக்கி அளந்தபோது அசைவு பெரிதும் கூடியது. அந்த வலிமிகுந்த சோதனை காட்டிய தோல்தடைச் சிக்கலையே பிற்கால மின்வாய் வடிவமைப்பும் எதிர்கொண்டது. வெள்ளியும் வெள்ளி குளோரைடும் சேர்ந்த வட்டும் உப்புக்கூழும் கொப்புளத்தின் வேலையை வலியின்றிச் செய்தன. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடுத்த மேடவாக்கம் போன்ற புழுக்கமான ஊர்களிலோ, வியர்வை தோலின் தடையைக் குறைத்தாலும் மின்வாயைப் பிடித்திருக்கும் ஒட்டுப்பட்டையை நெகிழ்த்தி, மின்வாய் நகர்வதால் எழும் பொய்க்குறிகளைப் பதிவில் கலக்கிறது.