டீட்டா ரோஸி சமையலறை மர்ம நாவல்கள்

டீட்டா ரோஸி சமையலறை மர்ம நாவல்கள் என்பன, சிகாகோ நகரத்தைச் சேர்ந்த பிலிப்பினோ அமெரிக்க எழுத்தாளரான மியா பி. மனன்சாலா ஆங்கிலத்தில் எழுதி, 2021 மே மாதம் முதலாக பெர்க்லி பதிப்பகம் வெளியிட்டுவந்த துப்பறியும் நாவல் வரிசையாகும். இல்லினாய் மாநிலத்தில் இருப்பதாகக் கற்பிக்கப்பட்ட ஷேடி பாம்ஸ் என்னும் சிற்றூரும், அவ்வூரில் மக்காபகால் குடும்பத்தார் நடத்தும் பிலிப்பினோ உணவு விடுதியும் கதைக்குக் களமாகின்றன. வரிசையின் முதல் நாவலான 'ஆர்ஸனிக் அண்ட் அடோபோ', மர்ம இலக்கியத்துக்கென அமெரிக்காவில் வழங்கப்படும் அகதா, ஆந்தனி, மக்காவிட்டி ஆகிய மூன்று விருதுகளையும், முதல் நாவலுக்குரிய பிரிவில், ஒருங்கே பெற்றது.

கொலை நிகழ்ந்தும் குரூர வர்ணனை இல்லாமல், போலீஸ் உத்தியோகஸ்தருக்குப் பதிலாக ஊரில் ஒரு தொழில் செய்து பிழைக்கும் சாதாரண மனுஷி துப்புத் துலக்க, எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிற்றூரில் நடக்கும் கதைகளை ஆங்கில வாசகர்கள் 'கோஸி' என்று வழங்குகின்றனர். அதில் ஒரு கிளையே சமையல் மர்மக் கதை. வர்ஜினியா ரிச் 1982-இல் வெளியிட்ட நாவலும், சமையல் ஒப்பந்தக்காரி ஒருத்தியை நாயகியாக்கி டயன் மாட் டேவிட்ஸன் 1990-இல் தொடங்கிய வரிசையும், பேக்கரிக்காரி ஒருத்தியை வைத்து ஜோன் ஃப்ளூக் 2000-இல் தொடங்கிய வரிசையும் அக்கிளைக்கு உருவம் கொடுத்தன. கதையோடு பாகமுறைகளையும் அச்சிடும் சம்பிரதாயமும் இவற்றால் நிலைபெற்றது. மனன்சாலா இந்தச் சட்டகத்தை உடைக்கவில்லை. அதனுள் ஒரு குடியேறிய குடும்பத்தை அதன் அடுக்களையோடும் உறவுமுறையோடும் அதட்டல்களோடும் குடிவைத்தார். இவ்வரிசையின் பெருமை இதுவே என்பது எம் அபிப்பிராயம்.

முதல் நாவலில், நாயகி லைலா மக்காபகால், சிகாகோவில் நிச்சயித்த கல்யாணம் முறிந்துபோக, பெற்றோரை இழந்த தன்னை வளர்த்து ஆளாக்கிய அத்தை (பிலிப்பினோ வழக்கில் 'டீட்டா') ரோஸியிடமும் பாட்டி லோலா ஃப்ளோரிடமும் திரும்பி வருகிறாள். விடுதியோ நஷ்டத்தில் நடக்கிறது. அவளுடைய பழைய காதலனும் உள்ளூர் உணவு விமர்சகனுமான டெரிக் அங்கே உண்டுகொண்டிருக்கும்போதே விழுந்து இறக்கிறான். விஷம் வைத்தாள் என்ற சந்தேகம் லைலாமேல் பாய்கிறது. சுகாதார ஆய்வாளர் விடுதியை மூடச் சொல்கிறார். கட்டட உரிமையாளர் குடும்பத்தை வெளியேற்றச் சமயம் பார்க்கிறார். பொழுதுபோக்கான ஆர்வத்தால் அன்றி, அடுப்பு அணைந்தால் ஒரு குடும்பத்தின் ஜீவனமே அணைந்துவிடும் என்ற நிர்ப்பந்தத்தால் அவள் விசாரணையில் இறங்குகிறாள் என்பதை வாசகர் மறக்கலாகாது. தன்மேல் ஏற்றப்பட்ட விஷத்தின் பழியைச் சோற்றுக் கடை துடைத்தாக வேண்டியிருப்பதால், இங்கே உணவு வெறும் அலங்காரமாக நிற்காமல் வழக்கின் பொருளாகவே ஆகிவிடுகிறது.

துப்பறியும் கருவி எது என்று கேட்டால், ஏப்ரல், மே, ஜூன் என்று மாதப் பெயர்களைத் தாங்கிய மூன்று ஞானத்தாய்மாரையே சுட்ட வேண்டும். கத்தோலிக்கச் சமூகமான பிலிப்பினோக்களிடையே ஞானஸ்நானத்தின்போது ஏற்கும் அவ்வுறவு ரத்த உறவுக்குக் குறைந்ததன்று. ஆகவே, லைலாவின் உடை, எடை, கல்யாணம் ஆகிய யாவற்றிலும் தலையிட இவர்களுக்கு உரிமை உண்டு. ஊர்வம்பில் எதுவும் இவர்கள் காதுக்குத் தப்புவதில்லை. போலீஸ் விசாரணையில் கிட்டாத தகவல் இவர்கள் பந்தியில் கிட்டுகிறது. இந்த வம்புக்கும் விலை உண்டு என்பதை ஆசிரியை அறிவார். நான்காம் நாவலான 'மர்டர் அண்ட் மமோன்' (2023) இம்மூவரும் புதிதாகத் தொடங்கும் சலவைக் கடையின் சுவரில், அவரவர் வேலையைப் பார்க்கும்படி எச்சரிக்கும் வாசகத்தை யாரோ வர்ணம் பூசி எழுதிவைப்பதையும், பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஏப்ரலின் உறவுப் பெண் கொலையுண்டு கிடப்பதையும் சொல்கிறது.

நூல்கள் ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஒரு பண்டத்தின் பெயர் உண்டு. அடோபோ என்பது கோழியையோ பன்றி இறைச்சியையோ வினிகர், சோயா சாஸ், பூண்டு, பிரிஞ்சி இலை, முழு மிளகு ஆகியவற்றோடு நீர் சுண்டும்வரை வேகவைப்பது. பெயர் ஸ்பானியருடையது; புளிக்காடியில் இறைச்சியைச் சமைத்துக் கெடாமல் காக்கும் முறையோ அவர்கள் வருகைக்கு முற்பட்டது. 1613-இல் ஸ்பானியத் துறவி பெத்ரோ தே சான் புவனவெந்தூரா தொகுத்த தகாலொக் அகராதியே இதனை நாட்டாரின் அடோபோ என்று பிரித்துக் குறிக்கிறது. மூன்றாம் நாவலின் தலைப்பில் வரும் பிபிங்கா, அரிசி மாவையும் தேங்காய்ப்பாலையும் வாழையிலை விரித்த சட்டியில் ஊற்றிக் கீழும் மேலும் கரி நெருப்பு வைத்துச் சுடும் பணியாரம்; டிசம்பர் 16 முதல் 24 வரை விடியற்காலைப் பூசை முடிந்து வருவோர் கோயில் வாசலில் சுடச்சுட வாங்கித் தின்பது. அந்நாவல் கிறிஸ்துமஸ் காலத்தில், பதினைந்து ஆண்டுகள் விலகியிருந்த ரோஸியின் மகன் ரோனி வீடு திரும்புவதைச் சொல்வதால், தலைப்பும் பருவமும் பொருந்துகின்றன.

லைலாவின் கைப்பக்குவம் ஊபே என்னும் ஊதா நிறக் கிழங்கில் செய்த, மேற்புறம் வெடித்துச் சர்க்கரைப் பொடி படிந்த பிஸ்கோத்து. ஈழத்தமிழர் தேங்காய்ப்பால் விட்டுக் களியாகக் காய்ச்சும் இராசவள்ளிக்கிழங்கும் அதே இனந்தான் என்பதால், யாழ்ப்பாணத்து வாசகருக்கு அந்நிறத்தை எவரும் வர்ணிக்க வேண்டியதில்லை. அவளுடைய டாக்ஸ்ஹுண்ட் நாய்க்குப் பெயர் லொங்கனிசா, அதாவது பிலிப்பினோக்களின் காலைச் சிற்றுண்டித் தட்டில் வரும் இறைச்சிக் குழல்.

இரண்டாம் நாவலான 'ஹோமிஸைட் அண்ட் ஹாலோ-ஹாலோ' (2022) தனியே கவனிக்கத்தக்கது. இவ்வகைக் கதைகளில் நாயகி பிணத்தைக் கண்ட மறுநாளே அடுத்த பலகாரத்துக்கு மாவு பிசைவது வழக்கம். இங்கோ, முன்பு நேர்ந்த பயங்கரத்தின் தழும்பு ஆறாத லைலாவுக்கு அடுப்படியில் மனம் ஒட்டவில்லை. அழகிப் போட்டியின் நடுவர் ஒருவரின் கொலை நடுநாயகமாக இருந்தாலும், அவள் மீண்டும் மாவைத் தொடும் பிரயத்தனமே நினைவில் நிற்பது. பல் மருத்துவர் ஜே பார்க்குடன் வளரும் நேசம் கதையைச் சற்றே தாமதப்படுத்துகிறது. பாகிஸ்தானிய வம்சத்துத் தோழி அதீனா வரும் இடங்களில் உரையாடல் சுறுசுறுப்படைகிறது.

குடும்பத்தின் காயங்களும் கடன்களும் நூலுக்கு நூல் தொடர்வதால், வெளியான முறையிலேயே படிப்பது உசிதம். 'பிளாக்மெயில் அண்ட் பிபிங்கா' 2022-லும், சோளத் திருவிழாவைக் களமாகக் கொண்ட 'கில்ட் அண்ட் கினாத்தான்' 2024-லும், 'டெத் அண்ட் டினுகுவான்' 2025-லும் வந்தன. பாகமுறைகள் கதைக்குப் பின்னே அச்சிடப்பட்டுள்ளன. கோழி அடோபோவைச் செய்து பார்க்க விரும்புவோருக்கு நம் கடைகளில் அகப்படாத சாமான் எதுவும் அதில் இல்லை.