பாம்பின் கால்: கல்லில் கிடைத்த சான்றுகள்

பாற்கடலில் அரவணைமேல் துயில்பவனையும் அரவத்தையே அணியாகப் பூண்டவனையும் ஒருசேரத் தொழும் மரபு நம்முடையது. நாகர் வழிபாட்டின் சிறப்பை இம்மலரின் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே மலர்க்குழுவினர் அன்புடன் பணித்த இக்கட்டுரையில் அரவத்தின் உடல் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். ஊர்வனவற்றின் கதை 31 கோடி ஆண்டுகளுக்குக் குறையாதது. கனடாவின் ஜாகின்ஸ் கடற்கரையில், புதையுண்ட மரங்களின் பொந்துகளில் கிடைத்த ஹைலோனோமஸ் என்ற பல்லியொத்த சிற்றுயிர், அவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று. அதற்கு நான்கு கால்கள். நாற்கால் குலத்தில் வந்த பாம்பு காலிழந்தது எப்படி? காலுள்ள பல்லியினத்திலிருந்து பாம்பு கிளைத்தது, கால்கள் படிப்படியாகக் குறுகி மறைந்தன என்பதே சான்றுகள் காட்டும் முடிவு.

'பாம்பின் கால் பாம்பறியும்' என்பது நம் வழக்கு. முன்றுறை அரையனாரின் பழமொழி நானூறும் இதை எடுத்தாள்கிறது. அறிஞரை அறிஞரே அறிவர் என்பது அங்கே கருத்து. அது விலங்கியல் சொல்ல எழுந்ததன்று. முன்னோரை உயர்த்துவதாக எண்ணி அவர்கள் சொல்லாததை அவர்கள்மேல் ஏற்றுவது புலமைக்கு அழகன்று. ஆயினும் பாம்புக்குக் கால் இருந்தது உண்மை. மலைப்பாம்பின் கழிவாய்க்கு இருபுறமும் நகம் போன்ற இரண்டு முட்கள் இன்றும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. உள்ளே இடுப்பெலும்பின் எச்சமும் தொடையெலும்பின் எச்சமும் தசையில் புதைந்து கிடக்கின்றன. உயிருள்ள உடல் காட்டும் இதையே புதைபடிவங்களும் உறுதிசெய்கின்றன. அர்ஜென்டினாவின் ரியோ நேக்ரோ பகுதியில் கிடைத்து 2006இல் விவரிக்கப்பட்ட நஜாஷ், ஏறத்தாழ 9.5 கோடி ஆண்டு பழைய பாம்பு. அதற்குப் பின்னங்கால்கள் உண்டு. இடுப்பெலும்பு முதுகெலும்போடு பொருந்தியும் இருக்கிறது. ஜெருசலேமுக்கு அருகே கிடைத்த பாக்கிராக்கிஸ் என்ற கடல்வாழ் பாம்புக்கும் பின்னங்கால்கள் இருந்தன. ஆனால் அதன் இடுப்பு முதுகெலும்பை விட்டு விலகிவிட்டது. முதுகெலும்போடு பொருந்திய இடுப்பு, விலகிய இடுப்பு, இன்று எஞ்சிய முள் என்று காலிழப்பின் படிகள் நம் கண்முன் நிற்கின்றன.

நம் நாட்டு மண்ணும் இவ்வரலாற்றுக்குப் பெரும் கொடை அளித்திருக்கிறது. குஜராத்தின் தோலி துங்ரி சிற்றூரில் 1980களில் ஒரு பாறைத்துண்டை எடுத்த இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அறிஞர் தனஞ்சய் மோகபே, அதிலிருந்தவை டைனோசர் முட்டைகளும் குஞ்சின் எலும்புகளும் என்று கண்டார். 2001இல் அதைப் பார்த்த மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி வில்சன், முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று பிணையும் முறையைக் கொண்டு, உடன் கிடப்பது பாம்பு என்று தெளிந்தார். நசுங்கிய முட்டையைச் சுற்றிப் பாம்பு சுருண்டிருக்கிறது. தலை சுருளின்மேல் கிடக்கிறது. அருகே அரை மீட்டர் நீளக் குஞ்சு. முட்டை பொரியும் வேளையில் கூட்டுக்கு வந்த அந்த 3.5 மீட்டர் பாம்பை, எழுந்த வண்டல் அப்படியே மூடியது. சுமார் 6.7 கோடி ஆண்டு பழைய இப்பாம்பு 2010இல் சனாஜே இண்டிகஸ் என்று பெயர் பெற்றது.

பழம் எலும்புகளைக் கொண்டு எதையும் நிறுவிவிடலாமே என்று சிலர் ஐயுறுவர். 2015இல் பிரேசிலின் டெட்ராபோடோஃபிஸ் என்ற புதைபடிவம் நான்கு கால் பாம்பு என்று கொண்டாடப்பட்டது. 2021இல் வேறு அறிஞர்கள் அது பாம்பன்று, பல்லியினமே என்று மறுத்தனர். மறுக்க இடந்தரும் அறிவே நம்பத்தக்க அறிவு. மேலும் இங்கே எலும்பு மட்டும் சாட்சியில்லை. கால் வளர ஆணையிடும் மரபணுத்துண்டு ஒன்று பாம்பில் சிதைந்திருப்பதை 2016இல் கண்டனர். பாம்பின் துண்டை எலியில் பொருத்தியபோது கால்கள் குறுகின. அத்துண்டில் விடுபட்டிருந்த 17 மரபணு எழுத்துகளைச் சேர்த்தபோது கால்கள் மீண்டும் வளர்ந்தன. கல் சொன்னதையே கருவும் சொல்கிறது.

இது பக்திக்குக் குறைவாகாதா? ஆகாது என்பதே என் உறுதி. வாசுகியைக் கயிறாக்கிக் கடல் கடைந்ததைச் சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவை பாடுகிறது. அது அருளின் பெருமை பேசும் பாட்டு. எலும்பின் கணக்கைக் கேட்பது அதன் நோக்கமன்று. கட்ச்சின் பனந்த்ரோ நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த 27 முள்ளெலும்புகளைக் கொண்டு, 11 முதல் 15 மீட்டர் வரை நீண்டதாக மதிப்பிடப்பட்ட 4.7 கோடி ஆண்டுப் பாம்பை 2024இல் உலகுக்கு அறிவித்த ரூர்க்கி ஐஐடி அறிஞர்கள், அதற்கு வாசுகி இண்டிகஸ் என்றே பெயரிட்டனர். புராணமும் ஆய்வும் ஒரு பெயரில் மதிப்போடு கைகோத்து நிற்பது நமக்குப் பெருமையே.

நாகர் சிலைக்குப் பால் வார்க்கும் கைகள், வயல்வரப்பில் பாம்பைக் கண்டதும் கம்பைத் தேடலாகாது. அரியலூர்ப் பாறைகளில் உறங்கும் தொல்லுயிர்ச் செல்வத்தைக் காப்பதும் ஆலயத்தைக் காப்பது போன்ற கடமையே. இளைஞர்களே, கோயிலுக்கு வரும் அதே பணிவோடு அருங்காட்சியகத்துக்கும் செல்லுங்கள். கற்றதை இளையோருக்குச் சொல்லிக்கொடுங்கள்.