கடல்நீரும் செவிப்பறையும்: முத்துச் சலாபக் காலம் முதல் காதுக்குழாய்க் காலம் வரை

நடுச்செவியில் நீர் கோத்துக் கேள்வி மங்கிய குழந்தைகளுக்கும், ஆண்டில் பலமுறை காதில் சீழ் பிடித்து அவதிப்படும் குழந்தைகளுக்கும் செவிப்பறையில் சிறு கீறலிட்டு நுண்ணிய குழாய் ஒன்றைப் பொருத்தும் சிகிச்சை 1954-க்குப் பின் உலகெங்கும் பரவியது. மருத்துவர்கள் கிரோமெட் என்று குறிக்கும் இக்குழாயின் உட்துளை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். பொதுவாக ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை அது செவிப்பறையில் நிற்கும். பிறகு தானே வெளியே தள்ளப்பட்டு விழுந்துவிடும். அது இருக்கும்வரை நடுச்செவிக்குள் காற்று போய்வரும். அதே வழியில் தண்ணீரும் போகக்கூடும். ஆகவே குழாய் வைத்த குழந்தை தலைக்குக் குளிக்கலாமா, நீந்தலாமா, காதை அடைத்துக்கொள்ள வேண்டுமா என்ற கேள்விகள் மருத்துவ உலகில் அரை நூற்றாண்டுக்கு மேல் விவாதிக்கப்பட்டன.

மன்னார் வளைகுடாக் கரையில் காதுக்கும் நீருக்குமான சிக்கல் இந்தக் குழாயைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. கொற்கையில் தொடங்கி இன்று தூத்துக்குடி திரேஸ்புரம் வரை, மூச்சை அடக்கி முத்தும் சங்கும் எடுத்தவர்கள் அதை உடம்பால் அறிந்தவர்கள். இவ்விரு வரலாறுகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான், நீச்சல்குளத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட இன்றைய வழிகாட்டுதல்கள் கடற்கரைக் குழந்தைக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது விளங்கும்.

செவிப்பறைக்கு உட்புறம் இருக்கும் நடுச்செவி காற்று நிரம்பிய சிறு அறை. மூக்கின் பின்புறத்திலிருந்து அதற்கு ஒரு குழல் செல்கிறது. விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அக்குழல் திறந்து, உள்ளே வெளியே காற்றழுத்தத்தைச் சமன் செய்கிறது. குழந்தைகளுக்கு இக்குழல் குட்டையாகவும் படுக்கைவாட்டிலும் இருப்பதால் சளிப் பிடித்தாலே அடைபட்டுவிடும். நடுச்செவியில் நீர் தேங்குவதற்கு அதுவே முதற்காரணம். கடலில் மூழ்குபவருக்கோ ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. குழல் திறக்காவிட்டால் செவிப்பறை உட்புறமாக அழுத்தப்பட்டு வலிக்கும்; சில மீட்டர் ஆழத்திலேயே கிழியவும் கூடும்.

இந்தக் கிழிசலைப் பற்றிய பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் 'வினாக்கள்' என்ற கிரேக்கத் தொகுப்பு. மூழ்குவோரின் காது கடலில் ஏன் வெடிக்கிறது, அவர்கள் காதைச் சுற்றிக் கடற்பஞ்சு கட்டுவது ஏன், காதில் எண்ணெய் விட்டுக்கொண்டு இறங்குவது ஏன் என்று அந்நூல் கேட்டு, விடையும் தேடுகிறது. பஞ்சு, எண்ணெய் என்ற இரண்டு காப்புகளும் அப்போதே வழக்கில் இருந்தன என்பது இதிலிருந்து தெரிகிறது. இந்திய மருத்துவ மரபில் சுசுருத சம்ஹிதை, காதிலிருந்து நீரும் சீழும் வடியும் நோய்க்கான காரணங்களில் தலையில் அடிபடுவதோடு நீரில் மூழ்குவதையும் சேர்க்கிறது. காதில் எண்ணெய் நிரப்பும் சிகிச்சையும் அம்மரபில் உண்டு. நம் வீடுகளில் காது வலிக்கு எண்ணெய் காய்ச்சி விடும் பழக்கத்தின் வேர் இவ்வளவு ஆழத்தில் இருக்கிறது.

பத்தாம் நூற்றாண்டு அரபு எழுத்தாளர் அல்-மசூதி, பாரசீக வளைகுடாவின் முத்துக்குளிப்பாளர்கள் எண்ணெயில் நனைத்த பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டு, மூக்கை ஆமையோட்டுக் கவ்வியால் இறுக்கி மூழ்கினர் என்று எழுதினார். அவர்கள் காதின் அடியைக் கீறிக்கொண்டனர் என்றும் அவர் சொல்கிறார். கடற்பஞ்சு எடுப்போர் காதையும் மூக்கையும் கீறிக்கொள்வதாகக் கிரேக்கத் தொகுப்பும் கூறுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளியுள்ள இரு நூல்களில் ஒரே செய்தி வருவது கவனிக்கத்தக்கது. செவிப்பறை கிழிந்த பிறகு ஆழத்தில் வலி குறைவதை மூழ்குவோர் அனுபவத்தில் அறிந்திருப்பர். கரையில் நின்று கேட்டு எழுதியவர்கள் அதை வெளிக்காதைக் கீறுவதாகப் புரிந்துகொண்டிருக்கலாம். அது சரியானால், செவிப்பறையில் துளை இருந்தால் அழுத்தம் சமனாகும் என்ற உண்மையை அறுவை மருத்துவத்துக்கு முன்பே கடல்தொழில் கண்டுகொண்டது என்றாகும்.

தமிழ்க்கரைச் சான்றுகள் காதைப் பற்றிக் குறைவாகவே பேசுகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டின் 'பெரிப்ளஸ்', கொற்கை முத்துக்களைத் தண்டனை பெற்ற கைதிகள் எடுத்தனர் என்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, சுறாக்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு தரப்பட்டதைப் பதிந்தார். கடல்கட்டி என்ற இந்தப் பதவி ஆங்கிலேயர் காலச் சலாபங்கள் (முத்துக்குளிப்புகள்) வரை தொடர்ந்தது. சுறாவிடமிருந்து காக்க ஊதியம் பெறும் ஆள் இருந்தார். காதைக் காக்க அப்படி யாரும் இருந்ததாகப் பயணிகள் குறிப்பிடவில்லை. காதில் வரும் கேடு மெல்ல வருவது. அதைத் தொழிலோடு வந்த விலையாகவே குளிப்பவர்கள் ஏற்றுக்கொண்டனர் என்று கொள்ள இடமுண்டு.

1803-ல் இலங்கையைப் பற்றி எழுதிய ராபர்ட் பெர்சிவல், மூழ்கிவிட்டுப் படகில் ஏறிய குளிப்பாளர்களின் வாய், காது, மூக்கு வழியே நீரும் பலமுறை இரத்தமும் வந்ததைப் பதிவு செய்தார். இலங்கைச் சலாபங்களுக்குச் சென்ற குளிப்பாளர்களில் தமிழகக் கரையினர் பெரும்பகுதியினர். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1889-ல் தூத்துக்குடிச் சலாபத்தை நேரில் பார்த்து 1890-ல் குறிப்புகள் வெளியிட்டார். அவருக்குப் பின் சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், சங்குத் தொழில் பற்றி 1914-லும் முத்துச் சலாபங்கள் பற்றி 1922-லும் விரிவாக எழுதினார். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை ஊன்றி நேராக இறங்குவார். பார்கள் எனப்படும் முத்துப் படுகைகள் பெரும்பாலும் 6 முதல் 10 பாகம் ஆழத்தில் இருந்தன. அரபுக் குளிப்பாளர்கள் மூக்குக் கவ்வி பயன்படுத்த, தமிழ்க்கரையினர் மூக்கை விரல்களால் பிடித்துக்கொண்டு இறங்கினர்.

மூக்கைப் பிடித்தது நீர் ஏறாமலிருக்க மட்டும் உதவவில்லை. மூக்கைப் பொத்தி, வாயை மூடி, மெல்ல மூச்சைத் தள்ளினால் குழல் திறந்து நடுச்செவிக்குள் காற்று ஏறும். 1704-ல் போலோனாவின் அந்தோனியோ வால்சால்வா தம் செவி நூலில் விளக்கியதால் இம்முறை அவர் பெயரால் வழங்குகிறது. பரதவக் குளிப்பாளர்கள் அதைக் கடலில் செய்துகொண்டிருந்தனர். உண்மையில் காதைக் காத்தது இதுதான். காதை இறுக அடைக்கும் பஞ்சோ மெழுகோ ஆழத்தில் ஆபத்து: அடைப்புக்கும் செவிப்பறைக்கும் இடையில் சிக்கிய காற்றின் அழுத்தம் சமனாக வழியில்லாததால், வெளிச்செவித் துவாரத்தில் இரத்தம் கட்டும், செவிப்பறை வெளிப்புறமாகப் புடைத்துக் கிழியவும் கூடும். இக்காலக் கடல்மூழ்கல் மருத்துவம் ஆழத்தில் காதடைப்பானைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். எண்ணெய்ப் பஞ்சைத் தளர்வாக வைத்த பழைய வழக்கம் தீங்கு குறைவாக இருந்ததற்குக் காரணம், அது முழுதாக அடைக்கவில்லை என்பதே.

செவிப்பறையில் வேண்டுமென்றே துளையிடும் எண்ணம் ஐரோப்பாவில் உருவானது. ரோமின் பர்த்தலோமியோ யூஸ்தாக்கி 1560-களில் மூக்கையும் நடுச்செவியையும் இணைக்கும் குழலை விவரித்தார். அது அவர் பெயரையே பெற்றது. லண்டனின் ஆஸ்ட்லி கூப்பர் 1801-ல், அக்குழல் அடைபட்டுக் கேள்வி குறைந்தவர்களுக்குச் செவிப்பறையைத் துளைத்துக் கேள்வி மீட்ட செய்தியை ராயல் சொசைட்டியில் அளித்துக் காப்ளி பதக்கம் பெற்றார். ஆனால் துளை சில நாட்களில் மூடிக்கொண்டது. திறந்தே வைக்கத் தங்கக் குழாய் முதலியவை முயலப்பட்டன. வியன்னாவின் ஆடம் பொலிட்சர் 1868-ல் கெட்டி ரப்பரில் கண்ணி போன்ற குழாய் ஒன்றைப் பொருத்தினார். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலத்தில் அடைப்பும் சீழும் அம்முயற்சியை முடக்கின. மீண்டும் உயிர்கொடுத்தவர் வட கரோலினாவின் பெவர்லி ஆம்ஸ்ட்ராங். 1954-ல் அவர் வினைல் குழாயைப் பயன்படுத்தியதை வெளியிட்டார். பின்னர் டெஃப்லான், சிலிக்கோன், டைட்டானியம் குழாய்கள் வந்தன.

குழாய் வந்ததும் தண்ணீர் மேலான தடையும் வந்தது. நீந்தக் கூடாது, தலைக்கு ஊற்றும்போது காதை அடைக்க வேண்டும் என்பது பல பத்தாண்டுகள் வழக்கமான மருத்துவ அறிவுரை. சோதித்தறிந்த சான்று அதன் பின்னால் இல்லை. செவித்துவாரத்து நீர் செவிப்பறையைத் தொட்டவுடன் குழாய்க்குள் பாய்ந்துவிடும் என்ற ஊகமே அதன் அடிப்படை. ஒரு மில்லிமீட்டர்த் துளையில் நீரின் மேற்பரப்பு இழுவிசையே ஒரு தடுப்பு. அதைத் தாண்ட அழுத்தம் வேண்டும். சோப்பு நீர் அந்த இழுவிசையைக் குறைப்பதால் எளிதில் நுழைகிறது. ஆழம் கூடினாலும் அப்படியே. தலை மாதிரியில் குழாய் பொருத்தி ஹீபர்ட் குழுவினர் 1998-ல் வெளியிட்ட ஆய்வு இரண்டையும் காட்டியது.

குழந்தைகளிடமே நடந்த ஆய்வுகள் மேலும் தெளிவு தந்தன. 1994-ல் வெளியான ஒன்றில் 212 குழந்தைகள். ஒரு பிரிவினர் தடையின்றி நீந்தினர், மற்றவர் நீந்தவில்லை. காதில் நீர் வடிவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கோல்ட்ஸ்டீன் குழுவினர் 201 குழந்தைகளைக் காதடைப்பான் அணிவோர், அணியாதோர் எனப் பிரித்து ஆராய்ந்து 2005-ல் முடிவை வெளியிட்டனர். அணிந்தோரில் 47 விழுக்காட்டினருக்கும் அணியாதோரில் 56 விழுக்காட்டினருக்கும் ஒருமுறையேனும் காது வடிந்தது. ஒரு குழந்தைக்கு ஒருமுறை காது வடிவதைத் தடுக்க, அது சராசரியாக 2.8 ஆண்டு காதடைப்பான் அணிய வேண்டியிருக்கும். குழாயோ அதில் பாதிக்காலம்கூடப் பெரும்பாலும் நிற்பதில்லை. இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்து எடைபோட்ட 2016-ன் காக்ரேன் மதிப்பாய்வும் பயன் சிறிதே என்றது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவக் கழகம் 2013-ல், எல்லாக் குழந்தைகளுக்கும் வழக்கமாக நீர்த்தடுப்பு வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 2022-லும் அதையே உறுதி செய்தது. காதில் ஏற்கெனவே சீழ் வடிந்தால், நீர் பட்டால் வலித்தால், எதிர்ப்பாற்றல் குறைந்திருந்தால், ஆறடிக்குக் கீழே மூழ்கினால், ஏரி போன்ற குளோரின் கலவாத நீரில் இறங்கினால், சோப்பு நீரில் தலையை அமிழ்த்தினால் மட்டும் தடுப்பு பயன்படலாம் என்பது விதிவிலக்கு.

திரேஸ்புரம் போன்ற இடத்தில் இந்த விதிவிலக்கே பொதுவிதி ஆகிவிடுகிறது. நாட்டுப்படகுகள் நிற்கும் இக்கரையில் சிறுவர்கள் படகிலிருந்து குதிப்பதும் அடியில் கிடப்பதை மூழ்கி எடுப்பதும் விளையாட்டு. நகரின் கழிவுநீரைச் சுமந்துவரும் பக்கிள் ஓடை இங்கேதான் கடலில் கலக்கிறது. குதிக்கும்போது செவித்துவாரத்தில் எழும் திடீர் அழுத்தமும், மூழ்கும்போது கூடும் அழுத்தமும் குழாய் வழியே நீரை உள்ளே தள்ள வல்லவை. சில்லென்ற நீர் நடுச்செவியை எட்டினால் உட்செவி தூண்டப்பட்டுத் தலை சுற்றும். நீருக்கடியில் மேல்கீழ் தெரியாமல் போவது உயிராபத்து. எனவே குழாய் இருக்கும்வரை கடலில் குதிப்பதும் மூழ்குவதும் கூடாது. தெளிந்த நீரில் தலையை மேலே வைத்து நீந்துவது வேறு. அதைத் தடைசெய்யத் தேவையில்லை. ஓடை வாயை ஒட்டிய நீரும், மழைக்காலத்தில் கலங்கிய கரைநீரும் குழாய் வைத்த குழந்தைக்கு ஆகாதவை.

மேற்பரப்பில் நீந்தும்போது காப்பு வேண்டிய குழந்தைக்குச் சிலிக்கோன் மென்களிம்பு அடைப்பானும் அதன்மேல் நீச்சல் பட்டையும் போதும். வீட்டில் தலைக்கு ஊற்றும்போது வாசலின் தடவிய பஞ்சு உதவும். சீயக்காய், ஷாம்பூ நுரை காதுக்குள் போகாமல் பார்ப்பது வெறும் நீரைத் தடுப்பதைவிட முக்கியம். எண்ணெய் விடுவது அறவே கூடாது: முன்பு செவிப்பறை தடுத்து நிறுத்திய எண்ணெய் இப்போது குழாயை அடைக்கும், நடுச்செவிக்கும் போகும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் தென்னிந்தியக் கிராமக் குழந்தைகளின் காதுச் சீழைப் பற்றி 1999-ல் வெளியிட்ட ஆய்வில் நோயின் பரவலோடு வீட்டு வழக்கங்களையும் சேர்த்தே ஆராய்ந்தது இந்த வகையில் முன்னோடியானது. உலக சுகாதார நிறுவனம் 2004-ல் இந்தியாவை நாட்பட்ட காதுச்சீழ் மிகுந்த நாடுகளுள் வைத்தது. இத்தகைய சூழலில் 'காது ஜவ்வில் ஓட்டை' உள்ள குழந்தைகள், குழாய் வைத்த குழந்தைகளைவிடப் பல மடங்கு அதிகம். அவர்களுக்கும் நீர் பற்றிய எச்சரிக்கை பொருந்தும். அவர்களது துளை குழாயைவிடப் பெரிதாக இருக்கக்கூடும் என்பதால் இன்னும் கண்டிப்பாகவே பொருந்தும்.

குழாய் உள்ள காதிலிருந்து நீர் வடிந்தால் நீச்சலை நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் கலந்த காதுச் சொட்டு மருந்தே இதற்கு முதன்மைச் சிகிச்சை. ஜென்டமைசின், நியோமைசின் வகைச் சொட்டுகள் உட்செவியைக் கெடுக்கக்கூடும் என்பதால் மருந்துக்கடையில் தாமாக வாங்கி ஊற்றக் கூடாது.

தூத்துக்குடியின் கடைசி முத்துச் சலாபம் 1961-ல் முடிந்தது. சங்கு குளித்தல் மட்டும் தொடர்கிறது. கல்லும் கயிறும் போய், படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து வரும் குழாயைக் கவ்விக்கொண்டு இறங்குகின்றனர். மூழ்கும் நேரம் நீண்டதே தவிர, காது மீதான அழுத்தம் மாறவில்லை. அத்தொழிலுக்குப் பழகும் இளைஞன் சிறுவயதில் குழாய் வைத்தவனாக இருந்தால், குழாய் விழுந்தபின் துளை முழுதாக மூடியதா, மூக்கைப் பிடித்து ஊதும்போது இரு காதும் திறக்கின்றனவா என்று காது மருத்துவரிடம் உறுதிசெய்துகொண்ட பிறகே ஆழத்துக்கு இறங்க வேண்டும்.