அங்கணம்: ஒரு வீட்டு மூலையின் வரலாறு

மாணவ நண்பர்களே, அரசர்களின் போர்களையும் பட்டங்களையும் நீங்கள் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். இன்று நான் கூற வருவதோ எச்சில் பாத்திரம் கழுவும் இடத்தின் வரலாறு. நகைக்க வேண்டா. முப்பதாண்டுகளுக்கு மேல் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் நான். அந்நாள்களில் இவ்விடத்தைப் பற்றி ஒரு வகுப்பிலேனும் பேசியதில்லை. வண்டலூரில் எங்கள் வீட்டுக் கிணறுதான் எனக்கு அப்பாடத்தைக் கற்பித்தது. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

இவ்விடத்திற்குத் தமிழில் அழகிய பழம்பெயர் உண்டு, அதுவே அங்கணம். தென்மாவட்டங்களில் அங்கணக்குழி என்று இன்றும் சொல்லக் கேட்கலாம். வள்ளுவர் இச்சொல்லை அவையறிதல் என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளில் ஆள்கிறார். தம்மோடு ஒத்த அறிவில்லாதார் முன்னிலையில் பேசுவது அங்கணத்தில் சிந்திய அமிழ்தம் போன்றது என்பது அவர் கருத்து. பரிமேலழகர் அங்கணத்திற்குத் தூய்மையற்ற முற்றம் என்று பொருள் கூறினார். அமிழ்தமே ஆயினும் அங்கே விழுந்தால் எடுக்க இயலாது என்று அக்காலத்தாரும் அறிந்திருந்தனர்.

கழிவுநீரை வெளியேற்றும் கலை நம் நாட்டிற்குப் புதியதன்று. 1922-இல் அகழத் தொடங்கிய மொகஞ்சதாரோவில், வீட்டுக் குளிப்பறையின் தளம் ஒரு மூலையை நோக்கிச் சரிந்திருந்தது. நீர் அம்மூலை வழியே வெளியேறி, செங்கல்லால் மூடப்பெற்ற தெருச் சாக்கடையில் கலந்தது. வண்டல் தங்குவதற்கெனக் குழிகளும் இருந்தன. வைகைக் கரையிலுள்ள கீழடியில் ஒன்றோடொன்று பொருந்தும் சுடுமண் குழாய்களும் உறைகிணறுகளும் கிடைத்தன. சுடுமண் உறைக்கு மாற்றாகச் சிமெண்டு உறையை இறக்கினால், அக்கிணறுதான் எங்கள் வண்டலூர்க் கிணறு.

எனினும் என் இளமைக் காலத்து வீடுகளில் அடுக்களைக்குள் பாத்திரம் தேய்க்கும் வழக்கம் இல்லை. பத்துப் பாத்திரங்களைக் கூடையில் அள்ளிக்கொண்டு கிணற்றடிக்குச் செல்வார்கள். சாம்பல், புளி, தேங்காய் நார், செங்கல் தூள்: இவ்வளவே கருவிகள். கழுவிய நீர் சிறு வாய்க்கால் வழியே வாழைக்கும் கல்வாழைக்கும் பாயும். அரிசி களைந்த நீரும், காய்கறித் தோலும், மிஞ்சிய சோறும் கழுநீர்ப் பானைக்குச் செல்லும். மாடு இல்லாத வீட்டிலும் அப்பானை இருந்தது. பால்காரம்மா மாலையில் வந்து அதை எடுத்துச் செல்வார். எச்சில் இலை எருக்குழிக்குப் போகும். ஆக, அடுக்களையிலிருந்து வெளியேறிய பொருள் ஒவ்வொன்றுக்கும் அதைப் பெற்றுக்கொள்ளும் ஓர் உயிர் இருந்தது. அவ்வாழ்வைப் பொற்காலம் என்று நான் கூறமாட்டேன். குளிரிலும் மழையிலும் குனிந்து அமர்ந்து தேய்த்தவர் என் தாயார். அவருடைய முதுகுவலியை நான் அறிவேன்.

இவ்வேற்பாடு மாறியது எங்ஙனம்? இரண்டு மாறுதல்கள் காரணம். முதலாவது குழாய். சென்னை நகருக்குச் செங்குன்றம் ஏரி நீர் 1872-இல் வரத் தொடங்கியது. கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914-இல் இயங்கத் தொடங்கியது. அதுவரை பாத்திரம் நீரைத் தேடிச் சென்றது. அதன்பின் நீர் பாத்திரத்தைத் தேடி வந்தது. புறநகர்ப் பகுதிகளுக்கு அவ்வசதி நெடுங்காலம் எட்டவில்லை. கிணற்றில் மின்மோட்டார் பொருத்தி, மாடியில் தொட்டி கட்டிய பின்னரே எங்களுக்கு அது வாய்த்தது. இரண்டாவது அடுப்பு. விறகடுப்பு தரையில் இருந்தது. சமைப்பவரும் தரையில் அமர்ந்தார். இண்டேன் எரிவாயு 1965-இல் வந்தது. தமிழ்நாட்டில் 2007 முதல் ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு அடுப்பு இலவசமாக வழங்கப்பட்டது. அடுப்பு மேடை ஏறியதும் சமைப்பவர் எழுந்து நின்றார். கழுவுமிடமும் அவருடைய இடுப்பளவுக்கு உயர்ந்தது. சிங்க் என்று நாம் இன்று வழங்கும் தொட்டி பிறந்த கதை இதுவே.

முதலில் சிமெண்டுத் தொட்டியும் கடப்பைக்கல் தொட்டியும் வந்தன. பின்னர் வெள்ளைப் பீங்கான். அதில் பித்தளைக் குடம் இடித்தால் விரிசல் காணும். இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்து ஹாரி பிரியர்லி 1913-இல் துருப்பிடியா எஃகை உருக்கினார். இரும்போடு குரோமியம் சேர்த்தால் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் தோன்றித் துருவைத் தடுக்கிறது. அதையே நாம் எவர்சில்வர் என்றோம். சேலம் உருக்காலை 1981-இல் இவ்வெஃகுத் தகடுகளை உருவாக்கத் தொடங்கியது. தொட்டி வாங்குவோர் இதன் பளபளப்பைக் கண்டு மயங்குகின்றனர். பார்க்க வேண்டியது தகட்டின் கனத்தையும் தொட்டியின் ஆழத்தையும் அல்லவா? இட்லிக் குண்டானைச் சாய்த்துக் கழுவ இயலாத இரட்டைத் தொட்டியைவிட அகன்ற ஒற்றைத் தொட்டியே நம் அடுக்களைக்கு ஏற்றது என்பது என் துணிபு.

தொட்டியைவிடச் சிறந்த பொருள் அதன் அடியில் மறைந்திருக்கிறது. அங்கே குழாய் வளைந்து மேலெழுந்து பின் இறங்கும். அவ்வளைவில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நின்று, சாக்கடைக் காற்று வீட்டினுள் வாராமல் தடுக்கும். அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரக் கைவினைஞர் கழிவறைக்காக 1775-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இவ்வளைவில்லாமல் நேர்க்குழாய் வைத்து முடித்துவிடும் வேலையாட்கள் உண்டு. சில திங்களில் அவ்வீட்டில் கரப்பான்பூச்சி குடியேறும்.

இனி எங்கள் கிணற்றின் கதைக்கு வருகிறேன். 1994-இல் வண்டலூரில் வீடு கட்டியபோது எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இல்லை. அடுக்களை நீரையும், கழிவறைத் தொட்டியின் வழிநீரையும் ஒரே உறிஞ்சு குழியில் விடலாம் என்றார் கொத்தனார். குழி கிணற்றுக்கு எட்டடி தொலைவில் இருந்தது. வரலாற்றாசிரியனாகிய நான் தலையசைத்தேன். அடுத்த மழைக்காலத்தில் ஏழு வயது மகன் மஞ்சட் காமாலையில் படுத்தான். மருத்துவர் நாடியைப் பிடித்துக்கொண்டே, "சார், தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். அக்கேள்வி என்னைச் சுட்டது. இலண்டனில் 1854-இல் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர், பிராடு தெருக் குழாயடியே அதற்கு ஊற்று என்று காட்டினார். அருகிலிருந்த வீட்டுக் கழிவுக்குழி கசிந்து அக்கிணற்றில் கலந்திருந்தது பின்னர்த் தெரிந்தது. இதனை நான் ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்லி வந்தவன்! இரண்டு திங்கள் கழித்து மகன் எழுந்தான். அதற்குள் குழியை மனையின் மறுகோடிக்கு மாற்றினேன். அடுக்களை நீருக்குத் தனி வாய்க்கால் வெட்டினேன்.

அம்மகன் இப்போது குடும்பத்தலைவன். சென்ற ஆண்டு அடுக்களையைப் புதுப்பிக்கையில் மருமகள், "மாமா, தொட்டிக்கு அடியில் கழிவு அரைக்கும் இயந்திரம் பொருத்தலாமா? ஈக்களும் வாரா, குப்பை வண்டிக்கும் காத்திருக்க வேண்டா" என்றாள். நியாயமான கேள்வி. அவ்வியந்திரத்தை 1927-இல் அமெரிக்காவின் ரசீன் நகரத்துக் கட்டடக் கலைஞர் ஜான் ஹாம்ஸ் உருவாக்கினார். 1938-இல் அதற்கெனத் தொழிலகம் தொடங்கினார். அதற்குள் கத்தி இருப்பதாகப் பலரும் எண்ணுகின்றனர். சுழலும் தட்டொன்று கழிவைச் சுற்றுச்சுவரில் மோதி உரசித் துகளாக்குகிறது. நீர் அதைக் குழாய்க்குள் அடித்துச் செல்கிறது. நியூயார்க்கின் பல பகுதிகளில் சாக்கடைக்குக் கேடு நேருமென அஞ்சி, 1997 வரை அதற்குத் தடை இருந்தது.

அரைத்த கழிவு எங்கே போகும் என்று நான் மருமகளைக் கேட்டேன். பெருநகரில் அது பாதாளச் சாக்கடை வழியே சுத்திகரிப்பு நிலையத்தை அடையும். எங்கள் வீட்டிலோ கழிவுத்தொட்டியை அடைந்து, அடியில் வண்டலாகப் படிந்து, விரைவில் அதனை நிரப்பிவிடும். வாழைத்தண்டின் நாரும் முருங்கைச் சக்கையும் இயந்திரத்தில் சிக்கும். தேங்காய் ஓட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டா. கோடையில் நீருக்குத் தட்டுப்பாடான எங்களுக்கு, கழிவைத் தள்ளுவதற்கென நீரைத் திறந்துவிட மனம் ஒப்பவில்லை. "அப்படியானால் குப்பை பள்ளிக்கரணைக்குத்தானே போகும், மாமா?" என்றாள் அவள். அவள் கேட்டதிலும் பொருள் உண்டு. சென்னையின் குப்பை பல்லாண்டுகள் அச்சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியில் கொட்டப்பெற்றது. 2022-இல் அந்நிலம் ராம்சர் பட்டியலில் இடம் பெற்றது. மட்கும் குப்பையை வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதிகள் கூறின.

இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். இயந்திரம் வாங்கவில்லை. அகன்ற எவர்சில்வர்த் தொட்டியும், அதன் வாயில் துளையிட்ட வடிகிண்ணமும், அடியில் வளைகுழாயும் அமைத்தோம். கொல்லைப்புறத்தில் துளையிட்ட மூன்று மண்பானைகளை வைத்தோம். ஒன்று நிறைந்தால் அடுத்தது. காய்ந்த சருகு கலவாவிட்டால் அதில் புழு நெளிகிறது. இரண்டு முறை எனக்கு நேர்ந்தது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சருகு அள்ளிப் போட்டாள். இப்போது பேரன் மாலைதோறும் வடிகிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு, எந்தப் பானை நிறைந்தது என்று என்னிடம் வந்து சொல்லுகிறான்.